மலையடிவார மாடுகளும் சந்தையும்: வத்திராயிருப்புப் பகுதியின் கால்நடை வணிக வரலாறு

வத்திராயிருப்பு, விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி ஆகும். தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூரும் அதற்கப்பால் இராஜபாளையமும் உள்ளன. மேற்கே சதுரகிரி மலை. இப்பகுதி மக்கள் நெடுங்காலமாக மலைமாடு எனப்படும் நாட்டு மாடுகளைக் கூட்டமாக வளர்த்து வந்துள்ளனர். இம்மாடுகள் அதிகம் பால் தருவதில்லை. வளர்ப்பவர்களில் பலருக்குச் சொந்த நிலமும் குறைவு. அப்படியிருந்தும் இத்தொழில் எப்படி நிலைத்தது, இன்று ஏன் சுருங்குகிறது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை மாட்டுப் பொருள்களுக்குக் கிடைத்த சந்தைகளின் வரலாற்றில் உள்ளது.

நிலமும் மாடும்

விருதுநகர் மாவட்டம் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெறும் வறண்ட பகுதி. அம்மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்கிறது. கிழக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை வரை விரியும் கரிசல் காட்டில் மானாவாரியாகப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தன. மலையடிவாரத்தில் மட்டும் நிலைமை சற்று மாறுபடும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்புவதால் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, மகாராஜபுரம், சுந்தரபாண்டியம் முதலிய ஊர்களில் நெல் விளைகிறது. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு ஆகியவற்றின் மீது கட்டப்பட்ட அணைகள் பிற்காலத்தில் இப்பாசனத்துக்கு வலுச் சேர்த்தன.

மேற்கில் காடு, நடுவில் நெல் வயல், கிழக்கில் கரிசல். இம்மூன்றும் அடுத்தடுத்து இருந்ததே இங்கு மாடு வளர்ப்புக்கு அடிப்படையாயிற்று. வயல்களில் பயிர் நிற்கும் மாதங்களில் மாடுகள் மலைக்காட்டில் மேயும். அறுவடை முடிந்ததும் கீழே இறங்கி வயல் தாளையும் கரிசல் காட்டின் தட்டையையும் தின்னும். தீவனம் வாங்கும் செலவு ஏறக்குறைய இல்லை. ஆகவே குறைந்த வருமானம் தரும் மாடும் வளர்ப்பவருக்குக் கட்டுப்படியானது.

சதுரகிரியின் தலக்கதையில் பச்சைமால் என்னும் மாடு மேய்ப்பவர் முக்கிய பாத்திரமாக வருகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், தம் ஊரையே ஆயர்பாடியாகப் பாவித்துத் திருப்பாவை பாடினார் என்பது வைணவ மரபு. இவற்றை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் மலையடிவார வாழ்வில் மாடு பெற்றிருந்த இடத்தை இவை உணர்த்துகின்றன.

பண்டமாற்றும் கோயில் நெய்யும்

பால் விரைவில் கெடும் பொருள். சாலையும் குளிரூட்டும் வசதியும் இல்லாத காலத்தில் அதை மேய்ச்சல் நிலத்திலிருந்து தொலைவுக்குக் கொண்டுசெல்ல முடியாது. இதைத் தமிழக ஆயர்கள் மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டனர். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் ஒருத்தி மோரை அருகிலுள்ள ஊரில் தானியத்துக்கு மாற்றுகிறாள். நெய்யை விற்கும்போது பொன்னை மறுத்து எருமையும் பசுவும் வாங்குகிறாள். மோர் அன்றன்று கழிய வேண்டிய சரக்கு. நெய் கெடாமல் இருக்கும். அதைச் சேர்த்து வைத்து மாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கிடைத்த ஆதாயத்தை மீண்டும் மந்தையிலேயே முதலீடு செய்த வணிக அறிவு இதில் தெரிகிறது.

இடைக்காலத்தில் கோயில்கள் நெய்க்கு நிலையான சந்தை ஆயின. கோயிலில் நந்தா விளக்கு எரிப்பதற்காகக் கொடையாளர் கால்நடைகளை அளிப்பார். அவற்றை இடையர் பொறுப்பேற்று வளர்த்து, நாள்தோறும் குறிப்பிட்ட அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராஜராஜன் காலக் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்பது கணக்கு. நாளொன்றுக்கு அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதால் இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. மேய்ப்பவருக்கு இது நீண்டகால ஒப்பந்தம். அளவு நிலையாக இருந்தது. மிஞ்சிய ஈற்றுகளும் பாலும் அவருக்கு உதவின.

கிடை: எருவுக்கான சந்தை

மலைமாட்டின் முதன்மை வருமானம் பாலிலிருந்து வரவில்லை. அதன் பால் பெரும்பாலும் கன்றுக்கே போய்விடும். வளர்ப்பவர் விற்றது எருவை.

இரவில் மாட்டுக் கூட்டத்தை ஒரு வயலில் அடைத்து வைப்பதைக் 'கிடை போடுதல்' அல்லது 'கிடை அமர்த்துதல்' என்பர். சாணமும் கோமியமும் நேரடியாக நிலத்தில் சேரும். மறுநாள் மந்தை அடுத்த வயலுக்கு நகரும். நிலத்துக்காரர் மாடுகளின் எண்ணிக்கைக்கும் இரவுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூலி கொடுப்பார். முன்னர் அது நெல்லாகவும் பிற தானியமாகவும் இருந்தது, பின்னர்ப் பணமாயிற்று. 'ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்' என்னும் பழமொழி, இரண்டின் பயனும் நிலத்தில் எப்போது தெரியும் என்பதை உழவர் கணித்து வைத்திருந்ததைக் காட்டுகிறது.

வணிக நோக்கில் கிடைக்கு மூன்று சிறப்புகள் உண்டு. முதலாவது, எருவைச் சுமக்க வண்டி வேண்டாம்; மாடு நடந்து சென்று சரக்கை வயலிலேயே இறக்குகிறது. இரண்டாவது, இடைத்தரகர் இல்லை; கூலியை மாட்டுக்காரரும் நிலத்துக்காரரும் நேரில் பேசி முடிக்கின்றனர். மூன்றாவது, மாடு இளையதா, முதியதா, கறக்கிறதா, வற்றிவிட்டதா என்னும் வேறுபாடு இங்கு இல்லை. மந்தையில் உள்ள ஒவ்வொரு மாடும் வருமானம் தரும்.

தென்மாவட்டங்களில் இவ்வாறு கிடைக்காக வளர்க்கப்பட்ட மற்றொரு நாட்டு இனம் புலிக்குளம் மாடு ஆகும். சிவகங்கை, மதுரைப் பகுதிகளைச் சேர்ந்த இம்மாடுகளும் மேய்ச்சலுக்காக ஊர் ஊராகச் செல்பவை.

1960களுக்குப் பின் வேதி உரம் பரவியபோது கிடைக்கான தேவை குறைந்தது. மூட்டை உரத்தை வேண்டிய நாளில் வாங்கலாம். மந்தைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே நிலம் சும்மா கிடந்த காலமும் கிணற்றுப் பாசனம் பெருகிய இடங்களில் குறைந்தது. ஆயினும் எருச் சந்தை முற்றிலும் மறையவில்லை. அண்டை மாவட்டமான தேனியின் கம்பம் பள்ளத்தாக்கில் மலைமாட்டுத் தொழுவங்களில் சேரும் சாணம் லாரிகளில் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கிறது. இயற்கை வேளாண்மையில் ஆர்வம் கூடியிருப்பதும் இச்சரக்குக்குச் சாதகமாக உள்ளது.

தாவணியும் தரகும்

எருவுக்கு அடுத்த வருமானம் காளைக் கன்று. ஏர் உழவும், கமலையில் நீர் இறைக்கவும், பருத்தி மூட்டைகளை வண்டியில் ஏற்றிச் செல்லவும் கரிசல் உழவருக்குக் காளைகள் தேவைப்பட்டன. கரிசலில் மேய்ச்சல் குறைவு என்பதால் அங்குள்ளோர் கன்றுகளை வெளியிலிருந்து வாங்கினர். மலையடிவாரத்தார் விற்றனர்.

மாடுகள் கை மாறிய இடம் சந்தை அல்லது தாவணி. வரிசையாக மாடு கட்டும் நீண்ட கயிற்றுக்குத் தாவணி என்று பெயர்; அது மாட்டுச் சந்தைக்கே ஆகிவந்தது. மதுரை மாட்டுத்தாவணி இப்பொருளை இன்றும் தன் பெயரில் சுமக்கிறது. தென்மாவட்டங்களின் பெரிய மாட்டுச் சந்தைகள் பல கோயில் திருவிழாக்களை ஒட்டிக் கூடின. கழுகுமலைத் திருவிழாச் சந்தை இவ்வகையில் பெயர் பெற்றது. திருவிழா நாளில் பல ஊர் மக்களும் கூடுவதால் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் தேடி அலைய வேண்டியதில்லை.

சந்தையில் விலை பேசியவர் தரகர். துண்டால் கையை மூடிக்கொண்டு விரல்களைப் பிடித்து விலை சொல்வது அவர்களது வழக்கம். அருகில் நிற்பவருக்கு விலை தெரியாது. பல வேளைகளில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தரகர் சொன்ன விலைகளே வேறு வேறாக இருக்கும். கிடையில் இல்லாத இந்த மறைவு சந்தையில் மாட்டுக்காரரின் பேரம் பேசும் வலுவைக் குறைத்தது. சந்தை வரை மாட்டை ஓட்டி வந்தவர், விற்காமல் திரும்ப ஓட்டிச் செல்லும் செலவை அஞ்சியே வந்த விலைக்குக் கொடுக்க நேர்ந்தது.

மின் மோட்டார் கமலையை அகற்றியது. டிராக்டர் ஏரை அகற்றியது. லாரி மாட்டுவண்டியை அகற்றியது. உழவுக்காளைச் சந்தை இவ்வாறு சுருங்கிய பின் நாட்டுக் காளைக் கன்றுக்கு எஞ்சிய முக்கியத் தேவை சல்லிக்கட்டு ஆகும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தபோது இத்தேவையும் அடிபட்டது. 2017 சனவரிப் போராட்டத்தின் பின் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் சல்லிக்கட்டுக்குத் தேர்வு பெறுவது ஒரு மந்தையில் பிறக்கும் கன்றுகளில் சிலவே.

பாலும் பால்கோவாவும்

சென்னை மாகாணத்தில் பால் கூட்டுறவு 1920களில் சென்னை நகரை ஒட்டித் தொடங்கியது. குஜராத்தில் 1946இல் தொடங்கிய கெய்ரா கூட்டுறவின் வெற்றியும், 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும் அம்முறையை நாடெங்கும் கொண்டுசென்றன. தமிழ்நாட்டில் ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்னும் மூன்றடுக்கு அமைப்பு உருவானது. அதன் விற்பனைப் பெயர் ஆவின்.

கூட்டுறவுச் சங்கம் சிறு உழவருக்குப் பெரிய மாற்றம். ஓரிரு மாடு வைத்திருப்பவரும் காலையும் மாலையும் பாலை அளந்து ஊற்றலாம். கொழுப்பும் பிற திடப்பொருளும் சோதிக்கப்பட்டு அவற்றுக்கேற்ப விலை கிடைக்கும். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. விலை முன்கூட்டியே தெரிவதும், எவ்வளவு பால் வந்தாலும் எடுத்துக்கொள்ள ஓர் இடம் இருப்பதும் இதன் பயன்கள். விலையைத் தாமே பேசும் இடம் மாட்டுக்காரருக்கு இல்லை என்பது இதன் குறை.

ஸ்ரீவில்லிபுத்தூர் இப்பாலுக்கு வேறொரு வழியும் கண்டது. சர்க்கரை சேர்த்துப் பாலை விடாமல் கிண்டிச் சுண்டக் காய்ச்சினால் பால்கோவா ஆகிறது. 10 லிட்டர் பாலில் ஒன்றேகால் கிலோ அளவு சர்க்கரை சேர்த்தால் 3 கிலோவுக்குச் சற்று அதிகமாகப் பால்கோவா கிடைக்கும். எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. சில மணி நேரத்தில் கெடும் பொருள் சில நாள்கள் தாங்குகிறது. பழங்கால ஆய்மகள் பாலை நெய்யாக்கியதும் இதே காரணத்துக்காகத்தான். விருதுநகர் - தென்காசி இருப்புப்பாதை 1927இல் திறக்கப்பட்டது. ஆண்டாள் கோயிலுக்கு வரும் பக்தர்களும் பெருகினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பால்கோவா ஊரின் அடையாளமாக வளர்ந்தது. கூட்டுறவுச் சங்கமும் தனியார் கடைகளும் அதைத் தயாரிக்கின்றன. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றது.

இந்த வெற்றி மலைமாட்டுக்காரரைச் சென்று சேரவில்லை. சங்கங்களுக்கு வரும் பாலின் பெரும்பகுதி ஜெர்சி முதலிய கலப்பினப் பசுக்கள் தருவது. அவற்றுக்குத் தொழுவமும் பசுந்தீவனமும் புண்ணாக்கும் வேண்டும். அதாவது கிணறும் சிறிது நிலமும் கைமுதலும் உள்ளவருக்கே அது ஏற்றது. காட்டோரப் பட்டியில் அடையும் மலைமாட்டின் கொஞ்சப் பாலைத் தினமும் இருவேளை சங்கத்துக்குக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. இவ்வாறு ஒரே வட்டாரத்தில் இரண்டு மாட்டுப் பொருளாதாரங்கள் உருவாயின. ஒன்று அரசின் கடனும் மருத்துவமும் விலையும் பெற்றது. மற்றொன்று புள்ளிவிவரங்களில் கூடச் சரியாக இடம் பெறாமல் காட்டை நம்பி நின்றது.

கேரளச் சந்தையும் சட்டங்களும்

வயதான, கறவை வற்றிய மாடுகளும் தேவையற்ற காளைக் கன்றுகளும் எங்கே போகின்றன என்பது மாட்டுப் பொருளாதாரத்தின் முக்கியமான கேள்வி. தென்மாவட்டங்களைப் பொறுத்தவரை விடை கேரளம். செங்கோட்டை - ஆரியங்காவு வழியும் குமுளி வழியும் மாடுகள் இறைச்சிக்காக மலை தாண்டிச் செல்கின்றன. பழைய மாட்டை விற்ற பணத்தில் இளம் மாடு வாங்குவது வளர்ப்பவரின் வழக்கம். அந்த விற்பனை நின்றால் புதிய மாடு வாங்கவும் வழியில்லை.

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 10 வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் பயன்படாத மாடுகளை இறைச்சிக்கு அனுமதிக்கிறது. 2017 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை விதிகள் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுத்தன. ஒரு வாரத்துக்குள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. இறைச்சிக்கு விற்கும் வழி அடைபட்டால் அந்த இழப்பை முதலில் தாங்குபவர் வறண்ட நிலத்து மாட்டுக்காரர். பயனற்ற மாட்டுக்கும் தீவனம் போடும் வலு அவருக்கு இல்லை.

காடு மூடியபோது

மேலே கண்ட சந்தைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முதல் இருந்தது: மேய்ச்சல் காடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவித்து, மேய்ச்சலை அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்படுத்தியது. அதற்குமுன் வழக்கமாக இருந்த உரிமை, அதன்பின் வனத்துறை தரும் சலுகையாயிற்று. 1988இல் இம்மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு இணைத்துத் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 1,016 சதுர கி.மீ.; தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது.

2022 மார்ச் மாதம் சென்னை உயர்நீதிமன்றம், தமிழகக் காடுகளில் மாடு மேய்ப்பதற்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்த ஆணை திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் உரியதாக்கப்பட்டது. பிற பகுதிகளுக்கு நிம்மதி தந்த இத்திருத்தம் வத்திராயிருப்பு மலையடிவாரத்துக்கு உதவவில்லை. இங்குள்ள காடு காப்பகத்துக்குள் இருக்கிறது.

காட்டுயிர்களுக்கு மாடுகளிடமிருந்து நோய் பரவுவதும், புல்லுக்குப் போட்டி ஏற்படுவதும் பாதுகாப்புத் தரப்பின் வாதங்கள். தலைமுறைகளாக மேய்த்த இடத்தை இழப்பீடின்றி இழப்பது மேய்ப்பவர் தரப்பின் வாதம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பருவந்தோறும் இடம்பெயர்ந்து மேய்ப்பவர் உட்படப் பாரம்பரிய மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. ஆனால் பழங்குடியல்லாதவர் அதைப் பெற 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாத மேய்ச்சல் வாழ்வுக்கு அது கடினமான நிபந்தனை.

மலைநாட்டுப் பாலாடைக்கட்டி: ஓர் ஒப்பீடு

வளம் குறைந்த மலைப்பகுதி மாட்டுக்காரரின் இதே சிக்கலை ஐரோப்பா வேறு விதமாக அணுகியது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உழவர்கள் கூட்டாகப் பாலைச் சேர்த்து 'கோம்தே' என்னும் பெரிய பாலாடைக்கட்டியைத் தயாரிக்கின்றனர். 1958 முதல் அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதன் விதிகள் ஊர்ப் பெயரோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட இரண்டு மாட்டினங்களின் பாலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஊறல் தீவனம் கொடுக்கக் கூடாது. ஆகவே பாலாடைக்கட்டி விற்கும் போதெல்லாம் அவ்வினமும் அம்மேய்ச்சலும் சேர்ந்தே காக்கப்படுகின்றன. மேலும் 1975இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், மலைப்பகுதிகளையும் வளம் குறைந்த பகுதிகளையும் தனியாக வரையறுத்து அங்குள்ள உழவர்க்கு நேரடி உதவித்தொகை வழங்க வழி செய்தது.

இதோடு ஒப்பிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் புகழ் ஊரையும் கைப்பக்குவத்தையும் காக்கிறது. மலைமாட்டையோ அதன் மேய்ச்சலையோ காக்கவில்லை என்பது புலனாகும்.

இன்றைய வழிகள்

மலைமாட்டுக்காரர்க்கு இன்று எஞ்சியுள்ள சந்தைகள் நான்கு: எரு, கிடை, சல்லிக்கட்டுக் கன்று, இறைச்சி. இவற்றுள் எருவும் கிடையும் மந்தை முழுவதற்கும் வருமானம் தருபவை. வளர்ப்பவரே விலை பேசக்கூடியவை. சாணத்தைத் தனித்தனியே வியாபாரியிடம் விற்பதைவிட, கூட்டாகச் சேர்த்து மக்கிய எருவாக விற்றால் பேரம் பேசும் வலு கூடும். பாலுக்குக் கூட்டுறவு செய்ததை எருவுக்கும் செய்யலாம். காப்பகத்துக்கு வெளியே உள்ள கண்மாய்க் கரைகளும் மேய்ச்சல் புறம்போக்குகளும் ஆக்கிரமிப்பின்றி இருந்தால் குறைந்த எண்ணிக்கையிலேனும் மந்தைகள் நிலைக்கும்.

நெய், எரு, காளை, பால்கோவா என ஒவ்வொரு காலத்திலும் இப்பகுதி மாடு வளர்ப்பு புதிய சரக்கொன்றைக் கண்டு பிழைத்தது. சந்தை மாறியபோது சரக்கை மாற்ற முடிந்தது. ஏனெனில் மேய்ச்சல் இருந்தது. இம்முறை அடைபட்டிருப்பது மேய்ச்சலே. அதற்கு மாற்று காணாமல் புதிய சந்தையை மட்டும் தேடுவது மலைமாட்டைக் காக்கப் போதுமானதாகாது.